ஒரு கொதி

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தெருவில் எல்லோருக்கும் அவர் வெந்நீரக்கா. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். "தண்ணி கொதிக்க வச்சதா?" ஆமாம் என்றால் அடுத்தது, "எவ்வளவு நேரம்?" பதில் சொல்லத் தயங்கினால் தொலைந்தோம். நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிடுவார். அடுத்த வீட்டுத் தையல்காரர் ஒருநாள் வாய்க்கொழுப்பில், "அக்கா, நீங்க வர்றதைப் பாத்தாலே எங்க வீட்டுக் குழாய் நடுங்குது" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவர் வீட்டுத் தண்ணீருக்கும் அண்ணிதான் காவல்.

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தாகத்துக்குக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து வாயில் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து டம்ளரைப் பிடுங்கியது. "துப்பு! முதல்ல அதைத் துப்பு!" நான் துப்பவில்லை. முழுங்கிவிட்டு முறைத்தேன். அவரும் முறைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். அவருடைய அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை.

அண்ணிக்கு வேலை ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நீராவி அறையில். அறுவை சிகிச்சைக்குப் போகும் கத்தி, கத்திரி, இடுக்கி, தட்டு, துணி எல்லாவற்றையும் கழுவி, மூட்டையாகக் கட்டி, ஆளுயர இரும்பு எந்திரத்துக்குள் வைத்து நீராவியில் வேகவைக்க வேண்டும். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. காலையில் போகும்போது நெற்றியில் படிய வாரிய முடி, திரும்பி வரும்போது ஈரத்தில் சுருண்டுபோய் நிற்கும். கைகளில் முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். அதைப் பார்த்து யாராவது ஐயோ பாவம் என்றால் அவருக்குப் பிடிக்காது. "என் கை படாம அந்த டாக்டருங்க ஒரு கட்டியைக்கூடக் கீற முடியாது, தெரிஞ்சுக்கோ" என்பார். "சூட்டுக்குத் தப்பின கிருமி இன்னும் பொறக்கல" என்பது அவர் நாளுக்கொரு தரமாவது சொல்லும் வாசகம்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று என் வீட்டுக்காரர் சொன்ன பிறகு கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டேன். இவருக்கு மேலே ஒரு அண்ணன் இருந்தானாம். தவழும் வயதில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். கெட்ட தண்ணீர். வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒருத்தி, அழுதுகொண்டிருந்த பெரியவர்களை விட்டுவிட்டு, மூலையில் நின்ற சிறுமியிடம், "இனிமே தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடு, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அந்தச் சிறுமிதான் அண்ணி. அடுத்துப் பிறந்த இவரைத் தன் இடுப்பிலேயே வளர்த்தார். தனக்கென்று ஒரு கல்யாணம், ஒரு குடும்பம் என்று யோசிக்கவே நேரமில்லாமல் போய்விட்டது. "இவன் என் வெந்நீர்ல முளைச்சவன்" என்று இவர் தோளில் தட்டுவார். தடிமாடு மாதிரி வளர்ந்த மனுஷன் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பெரிய மாட்டுப் பண்ணை. இவர் அங்கே பால் லாரி ஓட்டுகிறார். பண்ணையில் சாணத்தைப் பெரிய தொட்டியில் போட்டு அதிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச காலத்தில், வேலைக்காரர்களின் வீடுகளுக்கெல்லாம் குழாய் இழுத்து அந்த காஸைச் சும்மாவே கொடுத்தார்கள். திருகினால் நீலமாக நெருப்பு. சிலிண்டர் தீர்ந்துபோகும் என்ற பயமே இல்லை. அண்ணிக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய பரிசு அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். காஸ் வீணாகக் கூடாதே. இப்போது பாத்திரத்தை ஏற்றிவிட்டு, வீடு பெருக்கி, துணி துவைத்து, கொடியில் உலர்த்திவிட்டு வந்துதான் இறக்குவார். வைத்த தண்ணீர் பாதியாகச் சுண்டியிருக்கும். அடுப்படி முழுக்க ஆவி. "அண்ணி, இது அடுப்படியா, உங்க ஆஸ்பத்திரியா?" என்று கேட்பேன். "ரெண்டும் ஒண்ணுதான். உன் வாயையும் உள்ள வச்சு ஒரு தடவை வேகவைக்கணும்" என்பார்.

காஸ் எடுத்தபிறகு மிஞ்சும் கரிய கரைசலைப் பண்ணைக்காரர்கள் மண்ணில் தோண்டிய ஒரு பெரிய குளத்தில் தேக்குவார்கள். குளத்துக்கு அடியில் சிமெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நிரம்பி வழியும்போதெல்லாம் அள்ளி மக்காச்சோள வயலில் பாய்ச்சுவார்கள். அது போதாதென்று அதற்கு மேல் உர மூட்டைகளை வேறு அவிழ்த்துக் கொட்டுவார்கள். பயிர் கருகருவென்று ஆள் உயரம் நிற்கும். அந்த வயலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில்தான் எங்கள் கிணறு; குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான். நாற்றம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். தண்ணீரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும். நாற்றமும் கிடையாது, ருசியிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

பிள்ளை பிறந்ததும் எனக்கு விடாத காய்ச்சல். கொடுத்த மருந்துகளில் பால் வற்றிப்போயிற்று. புட்டிப்பால்தான் என்றார்கள். நான் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதேன். அண்ணி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பகல் வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டு வந்து, புட்டிகளைப் பரப்பிவைத்து, சட்டையின் கையைச் சுருட்டினார். "நீ தூங்கு. இது என் டிபார்ட்மெண்ட்" என்றார்.

பிள்ளைக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் உருண்டை. அண்ணி அவனை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படி ஜன்னலோரம் முக்காலியில் உட்காருவார். மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பால் விட்டுச் சூடு பார்ப்பார். அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. தாலாட்டு என்றால் தெரிந்ததைத்தானே பாட முடியும்? "கத்திரி... இடுக்கி... வளைஞ்ச ஊசி... பெரிய தட்டு... சின்னத் தட்டு..." என்று ஆஸ்பத்திரிச் சாமான்களை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துச் சொல்வார். கேட்டால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். உருண்டை சொக்கிப்போய்த் தூங்குவான். எனக்கு உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்த பிறகும் புட்டியை என் கையில் கொடுக்க அண்ணிக்கு மனசில்லை. நான் பிடுங்குவேன், அவர் பிடுங்குவார். அவர் மடியில் அவன் குடிக்கிற வேகம் என் மடியில் இல்லை. அது எனக்கு வயிற்றெரிச்சல். பெற்றவள் நான், பேர் வாங்குவது அவரா?

மூன்றாவது மாதத்தில் உருண்டை கொஞ்சம் சோர்ந்தான். குடிப்பது குறைந்தது. அழுகையில் பழைய பலம் இல்லை. "வயித்துல ஏதோ கிருமி" என்று அண்ணி முடிவு கட்டினார். கிருமி என்றால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. புட்டிகளை இரண்டு தடவை வேகவைத்தார். தண்ணீரை இன்னும் அதிக நேரம் அடுப்பில் விட்டார். பிள்ளை சோரச் சோரப் பாத்திரத்துத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் அந்த மனுஷி.

ஒரு நாள் காலையில் குளிப்பாட்டி வெயிலில் வைத்துத் துடைத்தபோதுதான் பார்த்தேன். உதடு சாம்பல் பூத்திருந்தது. நகக்கண்களும் அப்படியே. "குளிருதோ என்னவோ" என்று அண்ணி துணியைச் சுற்றினார். அவன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, அழக்கூட முடியாமல் மூடிக்கொண்டான். பாலை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த இவருடைய லாரியில் அப்படியே ஏறினோம். அண்ணி செருப்புக்கூடப் போடவில்லை.

அண்ணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனோம். குழந்தை டாக்டர் ஒரு பெண்; அதிகம் பேசாதவர். பிராணவாயு வைத்தார்கள். நிறம் மாறவில்லை. குட்டிக் காலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சாக்லேட் நிறத்தில் இருந்தது. ரத்தம் அப்படியும் இருக்குமா? டாக்டர் அந்த ரத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"புட்டிப்பாலா? எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணி" என்றேன்.

அண்ணி முன்னால் வந்தார். அந்த முகத்தில் இருந்த தெம்பை நான் மறக்க மாட்டேன். "சும்மா தண்ணி இல்ல டாக்டர். நான்தான் கொதிக்க வைக்கிறேன். பாதியா சுண்டுற வரைக்கும் விடுவேன். கிருமிக்கு வழியே கிடையாது."

டாக்டர் நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்தினார். மருந்து நீல நிறத்தில் வந்தது. அதை மெதுவாக ஏற்றிக்கொண்டே, அண்ணியைப் பார்க்காமல் பேசினார்.

"கிருமி இல்லக்கா. வயல்ல போடற உரமும் சாணக் கரைசலும் மண்ணுல இறங்கி, கிணத்துல நைட்ரேட்டா சேர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். பெரியவங்க குடிச்சா உடனே ஒண்ணும் தெரியாது. கைக்குழந்தைக்கு அது ரத்தத்தையே கெடுத்துடும். ரத்தத்தால பிராணவாயுவைச் சுமக்க முடியாது."

"நான் கொதிக்க வச்சேனே" என்றார் அண்ணி.

"உயிர் இருக்கறதுதான் கொதிச்சா சாகும். இது உப்பு மாதிரி. தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகுமா?"

அவ்வளவுதான். டாக்டர் குத்திக்காட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் அண்ணிக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அடுப்படியிலும் நீராவியிலும் நின்றவருக்கு, சுண்டினால் உப்புக் கூடும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈரத்தில் சுருண்ட முடியோடு, வெறுங்காலோடு, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தம்பி போய்த் தோளைத் தொட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மருந்து வேலை செய்தது. சாம்பல் கலைந்து, உதட்டோரம் முதலில் சிவந்தது. பிறகு நகக்கண். பிறகு வீறிட்டு அழுதான் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. நானும் சேர்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை மூத்திரம் போனான். துணி பச்சையும் நீலமுமாக நனைந்தது. நான் அலறிவிட்டேன். "ஒண்ணுமில்ல, மருந்தோட கலர்" என்று டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். நர்ஸுகள் சிரித்தார்கள். இவர் சிரித்தார். அண்ணி மட்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பிள்ளை இருக்கும் அறைக்கு வெளியே நிற்பார். எட்டிப் பார்ப்பார். "மூச்சு விடறானா?" என்று கேட்பார். தூக்க மாட்டார். அடுப்படிப் பக்கமே போவதில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. பெற்ற வயிறு எரியாதா? ஆனால் யார் மேல் எரிவது? ஜன்னலைத் திறந்தால் அந்தக் கரிய குளம் தெரிகிறது. அடுப்பைத் திருகினால் அதே சாணத்தின் நெருப்பு எரிகிறது. குளம் கெடுத்த தண்ணீரை அந்த நெருப்பே சுண்டவைத்து என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறது. இதில் அண்ணி செய்த தப்பு, அவன் மேல் வைத்த பாசம் ஒன்றுதான்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, சந்தேகப்பட்டது சரிதான் என்று டாக்டர் போனில் சொன்னார். எங்கள் கிணறு மட்டுமில்லை, அந்த வரிசையில் எந்தக் கிணற்றையும் நம்பாதீர்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணி எழுந்தார். முகம் கழுவினார். "நீயும் வா. எனக்குத் தனியாப் போகத் தெம்பில்ல" என்றார். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. உருண்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

வீடு வீடாகப் போனார். எந்தெந்த வீட்டில் மூடியைத் திறந்து பார்த்து அதிகாரம் செய்தாரோ, அந்த வீட்டுக்கெல்லாம் போனார். உள்ளே போகவில்லை, உட்காரவில்லை. "நான் உங்களுக்குச் சொன்னது இந்தத் தண்ணிக்கு ஆகாது. கொதிக்க வச்சா இது சரியாகாது, இன்னும் மோசமாகும். கைக்குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க" என்றார். கடைசி வீட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி. "நீங்க சொன்னீங்கன்னுதானே அக்கா பெரிய பானையா வாங்கி வச்சிருக்கேன்" என்றாள் வெகுளியாக. அண்ணி அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல்காரர் மட்டும் பின்னாலேயே வந்து, "அக்கா, எங்க குழாய் இனிமே யாருக்குப் பயப்படும்?" என்றார். கேலி செய்ய வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

அங்கிருந்து நேரே பண்ணை மேனேஜரிடம் போனோம். "வேலை போனாப் போகட்டும், லாரி ஓட்ட ஊர்ல வேற பால் இல்லாமலா போச்சு?" என்று என் வீட்டுக்காரரும் வந்தார். அன்றைக்கு அவர் சுவரைப் பார்க்கவில்லை. அண்ணி ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரை மேஜையில் வைத்தார். மேனேஜர் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கே. இதுல என்ன?" என்று மூடியைத் திறந்து மடக்கென்று குடித்தும் காட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார் அண்ணி. "என் மடியில ஆயிடுச்சு."

மேனேஜர் உருண்டையைப் பார்த்தார். உருண்டை கையை நீட்டி அவர் பேனாவைப் பிடிக்கப் போனான். பாட்டிலை மூடி வைத்துவிட்டு, மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய் வாசலில் நின்ற பிறகுதான் தினமும் தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. குளத்துக்கு அடியில் சிமெண்ட் போடும் வேலை பாதியில் நிற்கிறது. கேட்டால் முடித்துவிடுவோம் என்கிறார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

இத்தனையும் செய்துவிட்டு அண்ணி ஒரு காலையில் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலேயே தங்க ஒரு அறை தருகிறார்களாம். "நான் இருந்தா உனக்கு நெஞ்சுல பயம் இருக்கும். பிள்ளைக்கு அது நல்லதில்ல" என்றார். உருண்டைக்குப் பசி. என் கையில் புட்டியை வாங்க மாட்டேன் என்று தலையைத் திருப்பித் திருப்பி அழுகிறான். நாள்தோறும் இதே கூத்துதான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். லாரித் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். நல்ல தண்ணீர்தான், ஒரு கொதி வந்ததும் இறக்கினால் போதும் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். கொதி வந்தது. நான் இறக்கவில்லை. தளதளவென்று கொதித்தது. ஆவி ஜன்னலை மூடியது.

"நல்லாக் கொதிக்கட்டும், நான் போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வரேன்" என்று முன்னறைக்குக் கேட்கும்படி கத்தினேன்.

பை கீழே விழும் சத்தம் கேட்டது.

"அடியே! உனக்கு அறிவிருக்கா? ஒரு கொதி போதும்னு அந்த டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல! தள்ளு!"

புயல் மாதிரி வந்தார். என்னை இடித்துத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தார். சுண்டிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். புதிதாகத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, அதன் முன்னால் குனிந்து நின்றார். முதல் குமிழி எழும்பியது. இரண்டாவது. தண்ணீர் முழுக்கப் புரண்டது. அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போதுமா?"

அண்ணியைத் தெரிந்த நாளிலிருந்து தண்ணீர் விஷயத்தில் அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் உத்தரவு.

"போதும் அண்ணி" என்றேன். "அவனுக்கு அன்னைக்கு மருந்து ஏத்தினப்போ ஊசி வச்சிருந்த தட்டு யார் வேகவச்சது? நீங்கதானே? அது எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சீங்களா? பிடிங்க உங்க உருண்டையை, தோள்பட்டை போகுது எனக்கு."

பிள்ளையை அவர் கையில் திணித்தேன். அவர் மறுப்பதற்குள் நான் கையை எடுத்துவிட்டேன். தூக்கித்தானே ஆக வேண்டும்? முக்காலியில் உட்கார்ந்தார். ஆறவைத்துக் கலக்கிய பாலை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். உருண்டை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மறந்து குடித்தான். அண்ணியின் கண்ணிலிருந்து நீர் அவன் கன்னத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் சட்டை செய்யவில்லை.

"கத்திரி..." என்று தொடங்கினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இடுக்கி..." என்று இழுத்தார்.

நான் முன்னறைக்குப் போய்ப் பையிலிருந்த துணிகளை எடுத்து அவருடைய அலமாரியில் அடுக்கினேன்.